முப்பத்தாறு சதவீதத் தலைவர்

சுள்ளிமேட்டுப்புதூரில் நடந்ததைச் சொன்னால் நம்புகிறவர்கள் ரெண்டே வகை. ஒன்று, அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள். இன்னொன்று, அந்த ஊர்க்காரர்கள். நான் முதல் வகை. பதினோரு வருசமாக அந்த ஊர் பால் சொசைட்டிக்கு வண்டி ஓட்டுகிறேன். காலையில் ஒரு நடை, பொழுதோட ஒரு நடை. கேன் ஏற்றுகிற நேரத்தில் காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும்தான் இதெல்லாம். நானாக எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியம் அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை.

சொசைட்டியை நடத்துகிறவர்கள் நாலு பேர். தலைவர் ராயப்பன். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று மெசினில் பார்த்துச் சொல்கிற டெஸ்டர் நாச்சிமுத்து. பாலை அளக்கிற அங்கப்பன். கேன் கழுவுகிற சின்னக்கண்ணு. நாலு பேருமே தங்கமான மனுசர்கள். பொய் சொல்லத் தெரியாது, அடுத்தவர் பொருளைத் தொடத் தெரியாது. யாராவது ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொந்தரவே. ஒரு தடவை மேலதிகாரி ஒருத்தர் வந்து, கேன் மூடியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். சின்னக்கண்ணு மூணு நாள் மூடிக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் கேனைக் காணோம். மூடி பத்திரமாக இருந்தது.

இந்தக் கதை தலைவரின் வயிற்றைப் பற்றியது. இல்லை, அவருடைய மாட்டைப் பற்றியது. ரெண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, கேளுங்கள்.

ராயப்பனிடம் பொம்மி என்று ஒரு சிந்து மாடு. வேளைக்கு ஏழு லிட்டர் கொடுக்கும். ஆனால் ராயப்பன் கையைத் தவிர வேறு கை மடியில் பட்டால் உதைதான். அவர் சம்சாரம் பாவாத்தாளுக்கு முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. பால் பீச்சுகிற மெசினோடு வந்த ஆளை எருக்குழியிலிருந்துதான் தூக்கினோம். ராயப்பன் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தால் மட்டும் மாடு கண்ணை மூடிக்கொண்டு அசை போடும்.

அந்த ராயப்பனால்தான் ரெண்டு வருசமாகக் குத்தவைக்க முடியவில்லை. வயிறு முன்னால் வந்துவிட்டது, முழங்கால் பின்வாங்கிவிட்டது. முதலில் உட்கார்ந்தால் எழுந்திரிக்க முடியவில்லை. அப்புறம் உட்காரவே முடியவில்லை. முக்காலி போட்டுப் பார்த்தார். பொம்மி முக்காலியை வேற்றாளாக நினைத்து அதையும் உதைத்தது. போன தடவை கன்று போட்ட ஈத்துக்கு எப்படியோ சுவரில் சாய்ந்து, முனகி, பாதி பாலைக் கன்றுக்கே விட்டு ஓட்டிவிட்டார்.

இப்போது மாடு ஏழு மாசச் சினை. பாவாத்தாளின் அண்ணன் சென்னியப்பன் வந்து பார்த்துவிட்டு, இது பாவம், கறக்க ஆளில்லாத வீட்டில் மாடு மடி கட்டிச் செத்துப்போகும், என் கட்டுத்தறிக்கு ஓட்டிப் போகிறேன் என்றார். ராயப்பன் எழுந்து போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பார்த்த எனக்கே மனசு கலங்கிப் போயிற்று. சென்னியப்பனும் கல்நெஞ்சக்காரர் இல்லை.

"கன்னு போட்ட அஞ்சாம் நாள் கவுத்தோட வாரேன், மாப்ள," என்றார். "நீங்க குத்தவெச்சுப் பீச்சிக் காட்டினா மாடு உங்களுது. இல்லீன்னா என்ற கூட வருது."

அப்படித்தான் தலைவர் டவுனுக்கு டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். தலைவரைத் தனியாக அனுப்பக்கூடாது என்று மற்ற மூணு பேரும் கிளம்பினார்கள். வண்டி என்னுடையது.

டாக்டரம்மா மதிவதனி பொறுமைசாலி. அன்றைக்குப் பொறுமைசாலி என்று சொல்ல வேண்டும். ராயப்பனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு மெசின் மேல் ஏற்றி, ரெண்டு கையிலும் பிடியைக் கொடுத்தார். மெசின் கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. உடம்பில் கொழுப்பு முப்பத்தாறு சதவீதம் என்றார் டாக்டரம்மா, கவலையோடு.

நாச்சிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சொசைட்டியில் பசும்பால் நாலு சதவீதம் வந்தால் நல்ல பால். எருமைப்பால் ஏழு வந்தால், கொண்டுவந்தவரை நாச்சிமுத்து கும்பிட்டுத்தான் அனுப்புவார். இருபது வருசமாக அவர் பார்த்த உச்சம் எட்டே கால். இப்போது கண்ணெதிரே முப்பத்தாறு. தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலைவருக்குப் போர்த்தினார். சின்னக்கண்ணு கை தட்டினார். அங்கப்பன், நம்ம ஊர்க் கொழுப்பு எதுவும் இதுக்குக் கிட்ட வராது என்று டாக்டரம்மாவிடம் அடக்கத்தோடு சொன்னார்.

இது பெருமைப்படுகிற விசயம் இல்லை, குறைக்க வேண்டியது என்று புரிய வைக்க டாக்டரம்மாவுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதைக் குறைத்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும், உட்காரலாம், எழுந்திரிக்கலாம். அதற்கு ஒரு இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும். "அடுத்தவங்க இலக்கைப் பாத்து வைக்காதீங்க ஐயா. உங்க வயசு, உங்க உடம்பு, உங்களுக்கு என்ன முடியும்னு பாத்து நீங்களே வைங்க. எட்டற மாதிரி வைங்க. எடுத்த உடனே பெரிசா வேண்டாம், சின்னதா வைங்க. எழுதித் தினமும் கண்ணுல படற இடத்துல வைங்க. ரெண்டரை மாசத்துக்கு முப்பத்தி மூணு போதும்னு நினைக்கறேன்."

ராயப்பன் தலையை ஆட்டினார். முப்பத்தி மூணு ஆகாது, அது டாக்டரம்மா வைத்தது, தானாகத்தானே வைக்கணும் என்றார். சரி, நீங்களே சொல்லுங்கள் என்றார் அவர். ராயப்பன் கண்ணை மூடி, வயசைப் பார்த்து, உடம்பைப் பார்த்து, நெடுநேரம் யோசித்து, "முப்பத்தி மூணு" என்றார்.

அதோடு டாக்டரம்மா இன்னும் நாலைந்து சொன்னார். சோற்றைப் பாதியாகக் குறைக்கணும். இனிப்பு ஆகாது. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணீர் குடிக்கணும். காலையில் நாற்பது நிமிசம் வேகமாக நடக்கணும். தனியாகச் செய்ய வேண்டாம், நாலு பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளணும். இவ்வளவும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். அது யாருக்கும் எட்டாமல் சொசைட்டி பீரோவுக்குள் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் நான் போனபோது சொசைட்டிப் பலகையில், 'இந்த மாதம் அதிகக் கொழுப்பு: தலைவர் ராயப்பன், 36' என்று எழுதியிருந்தது. தன் எருமை ஏழரை வந்தும் பேர் போடவில்லை என்று ஒரு அம்மா அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நாலு பேரும் இலக்கு வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

எட்டுகிற மாதிரி வைக்க வேண்டும் என்பதால் ராயப்பனைச் சுவரோரம் நிறுத்திக் கையை உயர்த்தச் சொன்னார்கள். விரல் நுனி பட்ட இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். அதற்கு மேல் எழுதினால் எட்டாது. சின்னதாக வைக்க வேண்டும் என்பதால் அங்கப்பன் ஊசி முனையை மையில் தொட்டு, கடுகு அளவில் 33 என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அது முப்பத்தி மூணா எண்பத்தெட்டா என்று தகராறு வந்தது. ராயப்பன் கண்ணாடி போட்டுப் பார்த்து எண்பத்தெட்டு என்றார். தலைவர் சொன்னால் சரி. ரெண்டு நாள் அவர் எண்பத்தெட்டை நோக்கிப் பாடுபட்டார். வேளைக்குப் பத்து தோசை. எட்டணும்னா சும்மாவா அம்மிணி, ஊத்து என்று அவர் சொன்ன பிறகுதான் பாவாத்தாளுக்குச் சந்தேகம் வந்து, சொசைட்டிக்கு வந்து சுவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த அம்மா பேசாமல் போனால் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை.

சுவர் ராசியில்லை என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி, தலைவர் கண்ணில் தினமும் படுவது எது? அங்கப்பன் மறுபடி டாக்டர் சொன்னதை ஒப்பித்தார். தலைவர் யோசித்து, தான் தினமும் கண் முழிப்பதே பொம்மி முகத்தில்தான் என்றார். பொம்மியின் விலாவில் காவியால் ரெண்டு முழ அகலத்துக்கு 33 என்று எழுதினார்கள். சந்தைக்குப் போகிற மாட்டுக்கு அப்படித்தான் நம்பர் போடுவார்கள். மறுநாளே ஒரு தரகர் வந்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, மாட்டை அவிழ்த்துக்கொண்டு பாதி வீதி போய்விட்டார். ராயப்பன் பின்னால் ஓடினார். ஓடினார் என்றா சொன்னேன், உருண்டார். நான் வண்டியைக் குறுக்கே நிறுத்தியதால் மாடு பிழைத்தது. காவியைப் பொம்மி தானே நக்கித் தீர்த்தது.

இலக்கு இருக்கட்டும், கொழுப்பைக் குறைப்பது எப்படி? அந்த ஊரில் இது வரைக்கும் யாரும் கொழுப்பைக் குறைக்க நினைத்ததே இல்லை. அதனால் டெஸ்டர் நாச்சிமுத்து ரெண்டு நாள் லீவு போட்டு யோசித்துவிட்டு வந்தார்.

"பால்ல கொழுப்பைக் கொறைக்க மூணு வழி இருக்குதுங்க," என்றார். "ஒண்ணு, மெசின்ல போட்டுச் சுத்தறது. ரெண்டு, அசையாம வெச்சு ஆடையெடுக்கறது. மூணு, கொழுப்புக் கம்மியான பாலோட சேத்திக் கலக்கறது."

"தண்ணி ஊத்துனாலுந்தான் கொறையும்?" என்றார் சின்னக்கண்ணு.

நாச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது வழி இல்லீங்க. அது குத்தம்."

முதல் வழியை அன்றைக்கே ஆரம்பித்தார்கள். சொசைட்டியில் ஒரு சுழல் நாற்காலி உண்டு. தலைவரை அதில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, அங்கப்பன் ஒரு பக்கமும் சின்னக்கண்ணு ஒரு பக்கமும் நின்று சுற்றினார்கள். வெண்ணெய் எடுக்கிற மெசின் எத்தனை சுற்றுச் சுற்றும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். அதில் பாதியாவது வேண்டும் என்றார். எண்பதாவது சுற்றில் தலைவரிடமிருந்து காலையில் சாப்பிட்ட நாலு இட்டிலியும் சட்டினியும் வந்தன. கொழுப்பு வரவில்லை. நாற்காலி நின்ற பிறகும் தலைவர் கொஞ்ச நேரம் நிற்கவில்லை.

ரெண்டாவது வழிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினார்கள். பாலை ஆறவிட்டு அசையாமல் வைத்தால் கொழுப்பு மேலே வந்து ஆடையாக நிற்கும். அதே கணக்குத்தான். தலைவரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவில் நிறுத்தி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் காவல் இருந்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட அந்த மனுசன் அசையவில்லை. பொம்மிக்காக எதையும் தாங்குவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பேசினால் ஆடை கலைந்துவிடும் என்று அதையும் தடுத்துவிட்டார்கள். ஒரு மணிக்கு நாச்சிமுத்து ஏணி போட்டு ஏறித் தலைவர் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். விரல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

"வந்துருச்சுங்க. கொழுப்பு மேல வந்துருச்சுங்க," என்றார்.

தலைவர் தினமும் உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் வைக்கிற ஆள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவா என்று யோசித்தேன். அதற்குள் நாவிதரை அழைத்து ஆடையெடுத்துவிட்டார்கள். மொட்டைத் தலையோடு ராயப்பன் வீட்டுக்குப் போக, யாருக்கு என்ன ஆச்சோ என்று பாவாத்தாள் பதறிப்போனார்.

மூணாவது வழிதான் எல்லாவற்றிலும் பெரியது. தினமும் நாலு வீட்டுப் பாலையும் ஒரே தொட்டியில் ஊற்றித்தான் என் வண்டிக்குத் தருவார்கள். ஒருத்தர் பால் கெட்டி, ஒருத்தர் பால் நீர்த்தது. தொட்டியில் கலந்த பிறகு எல்லாம் ஒரே பால். டாக்டரம்மாவே நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என்று அங்கப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாசம் கழித்து மறுபடி பரிசோதனைக்குப் போனபோது மற்ற மூணு பேரும் தங்களையும் மெசினில் ஏற்றச் சொல்லி ஆளுக்கொரு எண் வாங்கிக்கொண்டார்கள். சின்னக்கண்ணுவுக்குப் பதினொண்ணு. அங்கப்பனுக்குப் பதிமூணு. நாச்சிமுத்துவுக்குப் பதினாறு. தலைவர் முப்பத்தாறிலேயே நின்றார்.

நாச்சிமுத்து விரலை மடக்கிக் கூட்டினார். எழுபத்தாறு. நாலால் வகுத்தார். பத்தொன்பது.

"இலக்கு முப்பத்தி மூணு. நாம வந்தது பத்தொம்பது. பதினாலு தாண்டிட்டோமுங்க," என்று டாக்டரம்மாவிடம் அறிவித்தார். நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கட்டோடேயே, கலந்த பிறகு ஒருதடவை பார்த்துவிடலாம் என்று மெசின் மேல் ஏறினார்கள். எட்டுக் காலுக்கு அதில் இடமில்லை. கண்ணாடி விரிசல் விட்ட சத்தம் வெளியே வண்டியில் இருந்த எனக்குக் கேட்டது.

டாக்டரம்மாவின் பொறுமை அன்றோடு முடிந்தது. உங்கள் கொழுப்பு உங்கள் உடம்பில்தான் இருக்கிறது, அவர்கள் உடம்பில் இல்லை, ஒன்றரை மாசம்தான் மிச்சம், இப்படியே போனால் மாட்டைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நேராகச் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ராயப்பன் மொட்டைத் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில் பொம்மி மேய்கிறதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்குப் பாவாத்தாள் பீரோவைத் திறந்து சீட்டை எடுத்தார். படித்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கிலிருந்து தட்டில் பாதிச் சோறுதான். இனிப்பு டப்பா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பால் அளக்கிற லிட்டர் படியாலேயே காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுதோட ஒன்று என்று தண்ணீரை அளந்து கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே நின்றார். ராயப்பன் மறுக்கவில்லை. யார் சொன்னாலும் சொன்னபடி செய்கிற மனுசன்தானே, இப்போதுதான் சரியான ஆள் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

நடையில் மட்டும் ஒரு சிக்கல். நாற்பது நிமிசம் என்று சீட்டில் இருந்தது. ராயப்பன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விறுவிறு என்று நடப்பார். நாற்பதாவது நிமிசம் எங்கே இருக்கிறாரோ அங்கேயே நின்றுவிடுவார். திரும்பி நடந்தால் எண்பது ஆகிவிடுமே. சோளக்காட்டு நடுவிலிருந்தும் ஆற்றுப் பாலத்திலிருந்தும் எனக்குப் போன் வரும். ஒரு வாரம் போய் ஏற்றிவந்தேன். எட்டாம் நாள் பாவாத்தாள் என்னைத் தடுத்தார்.

"போனை எடுக்காதீங்க தம்பி," என்றார். "சோத்து நேரத்துக்கு எப்படியும் வந்துருவாரு."

வந்தார். அன்றிலிருந்து தினமும் எண்பது நிமிசம்.

பொம்மி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிடாரிக் கன்று போட்டது. நாலாம் நாள் டாக்டரம்மாவிடம் போனோம். புது மெசின். மூணு பேரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ராயப்பன் ஏறினார். முப்பத்தி ரெண்டு புள்ளி எட்டு. டாக்டரம்மா சிரித்தார், நீங்கள் வைத்த இலக்கைத் தாண்டிவிட்டீர்கள் என்றார். பாவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் ஒரே சந்தோசம்.

நாச்சிமுத்து மட்டும் சந்தோசப்படவில்லை. வழியெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தார். ஊர் சேர்ந்ததும் அவசரக் கூட்டம் போட்டார்.

"முப்பத்தாறு வந்துட்டு இருந்த இடத்துல முப்பத்தி ரெண்டு எட்டு," என்றார். "சுத்தினோம், கொறையல. ஆடையெடுத்தோம், கொறையல. கலந்தோம், கொறையல. இப்பத் தானாக் கொறஞ்சிருக்குதுன்னா காரணம் ரெண்டுதானுங்க. ஒண்ணு, மாடு மாறியிருக்கோணும்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். பழைய தலைவர்தானா என்று அங்கப்பன் மரியாதையாகக் கேட்டார். ராயப்பன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தபோது கொஞ்சம் தயங்கினார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நாந்தானுங்க," என்றார்.

"அப்ப ரெண்டாவதுதான்," என்றார் நாச்சிமுத்து. "தலைவர்ல யாரோ தண்ணி கலந்துட்டாங்க."

அந்தச் சொசைட்டி ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே அப்படி ஒரு களங்கம் வந்ததில்லை. பாவாத்தாளை அழைத்து விசாரித்தார்கள். தண்ணீர் ஊற்றினீர்களா? ஊற்றினேன். எவ்வளவு? நாளுக்கு மூணு லிட்டர், அளந்துதான். சின்னக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். விதி என்னமோ தெளிவாக இருந்தது. தண்ணீர் கலந்தது தெரிந்தால் பதினைந்து நாள் சொசைட்டிக்குள் வரக்கூடாது. தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் தீர்மானம் செல்லும். ராயப்பன் எழுந்து, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று சொல்லித் தன்னைத் தானே தள்ளிவைத்துக் கையெழுத்துப் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அவர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

பாவாத்தாளுக்கு வந்தது வேறு. ரெண்டரை மாசமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. "மனுசன் மூணு லிட்டர் தண்ணி குடிச்சா குத்தம்னா, உங்க மாடெல்லாம் தினமும் அம்பது லிட்டர் குடிக்குதே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, கன்றுக்குப் புல் போடப் போய்விட்டார்.

சின்னக்கண்ணுவுக்குக் கண்ணீர் பொங்கியது. தன் மாடு தொட்டியில் வாயை வைத்தால் எடுப்பதே இல்லை, தானும் பார்த்துக்கொண்டுதான் நின்றதாக ஒப்புக்கொண்டார். அங்கப்பனும் ஒப்புக்கொண்டார். நான் கேன்களை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிட்டேன். இது எங்கே போய் முடியும் என்று அப்போதே நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அஞ்சாம் நாள். விடிந்ததும் நான் நேராக ராயப்பன் கட்டுத்தறிக்குத்தான் போனேன். சென்னியப்பன் புதுக் கயிற்றோடு நின்றிருந்தார். ராயப்பன் கையைக் கழுவி, விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, பொம்மி பக்கத்தில் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். மெதுவாக இறங்கினார். முழங்கால் ஒரு சத்தம் கொடுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பொம்மி திரும்பி ஒருதடவை மொட்டைத் தலையை முகர்ந்து பார்த்தது. யாரென்று தெரிந்துகொண்டு கண்ணை மூடி அசை போட ஆரம்பித்தது. பால் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. ராயப்பன் சிரித்துக்கொண்டே அழுதார், நிறுத்தாமல் பீச்சினார். முடித்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல், யார் கையையும் பிடிக்காமல் தானாக எழுந்து நின்றார். சென்னியப்பன் கயிற்றைச் சுருட்டி, கன்றுக்குக் கட்டிக்கொள்ளுங்கள் மாப்ள என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பாலைத் தூக்கிக்கொண்டு ராயப்பனும் நானும் சொசைட்டிக்குப் போனோம். கதவில் பூட்டு. பலகையில், 'தண்ணீர் குடித்த மாட்டின் பால் எடுக்கப்படமாட்டாது' என்று எழுதியிருந்தது. வாசலில் ஊரே பாத்திரத்தோடு வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் விடாமல் தாங்களே ஒப்புக்கொண்டு, தாங்களே தள்ளிவைத்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து எல்லோருக்கும் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். ராயப்பனும் போய் வரிசையில் குத்தவைத்தார், ஏதோ பிறந்ததிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்த ஆள் மாதிரி.

சரி, காலி வண்டியோடு போவோம் என்று நான் பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் காய்ந்திருந்தது. குடத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். பின்னால் சின்னக்கண்ணு மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து எழுந்து வந்தார். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டுகிற பால்மானியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ரேடியேட்டருக்குள் விட்டார். குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பதினொரு வருசமா நம்பி இருந்தோமுங்க," என்றார் வருத்தத்தோடு. "பேருக்குக் கூடப் பால் இல்ல. நூத்துக்கு நூறும் தண்ணி."

என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். ராயப்பன் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார்.

"வாங்க, உக்காருங்க," என்றார். "பதினஞ்சு நாள்தான்."